விலங்கும் வில்லையும்

சென்னை நகரத்து முதியோர் சிலர் நாவில் இரண்டு பழஞ்சொற்கள் இன்றும் வழங்குகின்றன. எழும்பூரில் உள்ள அரும்பொருட் காட்சிச்சாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த தோட்டத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும் அந்நாளைய மக்கள் அழைத்தனர். இவை கல்லூரிகள் அல்லவாயினும், இரண்டன் வேறுபாட்டையும் இவ்வளவு சுருக்கமாக வேறு எச்சொல்லாலும் உணர்த்தல் அரிது. 1855-ஆம் ஆண்டில் எட்வர்டு பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அரும்பொருட் காட்சிச்சாலையை ஒட்டியே சில விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். பின்னர் அவை சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆங்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்து, இடநெருக்கடி மிகவே, 1985-இல் வண்டலூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தன.

பழைய தோட்டத்தில் விலங்குகள் கம்பிக் கூண்டுகளுக்குள் அடைபட்டுக் கிடந்தன. வண்டலூரிலோ, அவற்றுட் பல மரமும் புல்லும் அடர்ந்த பரந்த நிலத்தில் உலவுகின்றன. காண்பார்க்கும் அவற்றிற்கும் இடையே ஓர் அகழி உள்ளது. கம்பியை நீக்கி அகழியை அமைக்கும் இம்முறையைப் பெரிய அளவில் முதன்முதல் மேற்கொண்டவர் கார்ல் ஹாகன்பெக் என்பார். இவர் 1907-இல், ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரை அடுத்த ஸ்டெல்லிங்கன் என்னும் ஊரில் இத்தகைய காட்சிச்சாலை ஒன்றை நிறுவினார். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம் தாண்ட வல்லது என்பதை ஆராய்ந்து, அதனினும் மிகுந்த அகலமுடையதாக அகழியை வெட்டுவித்தார். தமிழில் விலங்கு என்னும் சொல்லுக்குத் தளை என்னும் பொருளும் உண்டு. ஹாகன்பெக் விலங்கின் விலங்கைத் தளர்த்தினார் எனலாம். அறவே அகற்றினார் என்றல் மிகையாகும், அகழியும் ஒரு தளையே ஆதலின்.

இம்மாற்றத்தால் விலங்குகட்கு நன்மை விளைந்தது. காண்பார்க்கும் இன்பம் மிகுந்தது. நிழற்படம் எடுப்பார்க்கு மட்டும் புதியதோர் இடர் தோன்றிற்று. கூண்டுக்கு அருகே நின்று எடுத்த காலத்தில் கம்பி மறைத்தது. கம்பி நீங்கிய காலத்தில் தூரம் மறைக்கின்றது. அகழிக்கு அப்பால் நிழலில் படுத்திருக்கும் புலியை ஒருவன் காண்கிறான். அவன் கண்ணுக்கு அதன் மீசையும் வரியும் நன்கு புலப்படுகின்றன. ஆவலோடு நிழற்படக் கருவியை எடுத்து அழுத்துகிறான். வீட்டிற்கு வந்து படத்தைப் பார்த்தால், வானமும் மரமும் அகழிச் சுவரும் நிறைந்திருக்க, புலி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்றே காணப்படுகின்றது. கண் பொய் சொன்னதா, கருவி பொய் சொன்னதா எனின், இரண்டும் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குப் பின்னே மனம் இருந்து தனக்கு வேண்டிய புலியைப் பற்றிக்கொண்டு, வேண்டாத மரத்தையும் சுவரையும் தள்ளிவிடுகிறது. கருவிக்கு மனம் இல்லை. தன் முன் உள்ள அனைத்தையும் வேற்றுமையின்றி ஏற்கும். எதை ஏற்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடுவது அதன் முன்புறத்தில் பொருத்தப்படும் கண்ணாடி வில்லையே ஆகும்.

லென்ஸ் என்று பலரும் கூறுவதனையே தமிழில் வில்லை என்கிறோம். கற்பூர வில்லை, சடைவில்லை என வட்டமாகவும் தட்டையாகவும் இருக்கும் பொருள்களை இச்சொல்லால் குறிப்பது நம்மிடையே பழைய வழக்கு. ஐரோப்பியர் வழங்கும் சொல்லோ பருப்பிலிருந்து பிறந்தது. லென்ஸ் என்பது இலத்தீன் மொழியில் மைசூர்ப் பருப்பைக் குறிக்கும் சொல். இருபுறமும் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும் கண்ணாடியைக் கண்டவர்க்கு அப்பருப்பு நினைவுக்கு வந்தது போலும். இன்றைய நிழற்படக் கருவியின் வில்லை ஒற்றைக் கண்ணாடி அன்று. பத்து, பதினைந்து கண்ணாடிகள் ஒரு குழாய்க்குள் வரிசையாக அமைந்த தொகுதியாகும். ஆயினும் அவை அனைத்தும் சேர்ந்து ஒரே குவி வில்லையைப் போலத் தொழிற்படுவதால், அதனை ஒன்றாகவே கருதலாம்.

வில்லையைத் தேர்வோர் முதலில் அறிய வேண்டியது அதன் குவியத் தூரம். வெகு தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் வில்லையைக் கடந்து எவ்வளவு தூரத்தில் ஒன்றுகூடுகின்றனவோ அதுவே குவியத் தூரம் எனப்படும். இது மில்லிமீட்டரில் அளக்கப்பெற்று வில்லையின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். குவியத் தூரம் மிகுந்தால் பிம்பம் பெரிதாகும்; காட்சியின் பரப்பு குறுகும். பிம்பம் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. விலங்கின் நீளத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, விலங்குக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுத்தல் வேண்டும். அவ்வளவே.

புலி ஒன்று வாலை நீக்கி 2 மீட்டர் நீளம் உடையது எனக் கொள்வோம். அது 20 மீட்டர் தொலைவில் பக்கவாட்டில் நிற்கின்றது. கையிலுள்ள வில்லையின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் பிம்பத்தின் நீளம் 5 மில்லிமீட்டர் ஆகும். பழைய படச்சுருளிலும், அதன் இடத்தில் இன்று முழு அளவுக் கருவிகளில் அமைந்துள்ள உணர்தகட்டிலும் படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். எனவே புலி அப்படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கையே நிரப்பும். 200 மில்லிமீட்டர் வில்லையாயின் பிம்பம் 20 மில்லிமீட்டர் ஆகிப் படத்தின் பாதிக்கு மேல் நிரம்பும். 300 ஆயின் 30 மில்லிமீட்டர் ஆகிச் சிறிதே இடம் விட்டு நிறைந்து நிற்கும். 400 மில்லிமீட்டர் வில்லையை மாட்டினாலோ பிம்பம் 40 மில்லிமீட்டர் ஆகிவிடும். 36 மில்லிமீட்டர்ச் சட்டத்தில் அது அடங்குவது எங்ஙனம்? தலை இருந்தால் உடலின் பின்பகுதி வெட்டுண்டு போகும். இதனால், மிக நீண்டதே மிகச் சிறந்தது என்று பலர் கருதுவது பொருந்தாமை விளங்கும். யானையைப் படம் எடுக்கச் சென்றவர்க்கு இவ்வுண்மை இன்னும் விரைவில் தெளிவாகும். 3 மீட்டர் உயரமுள்ள யானை 30 மீட்டர் தொலைவில் நின்றால், 200 மில்லிமீட்டர் வில்லையில் அதன் பிம்பம் 20 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். படத்தின் உயரமோ 24 மில்லிமீட்டர்தான். அதற்கு மேற்பட்ட வில்லை அங்கே வேண்டியதில்லை. மாறாக, ஒரு சாண் நீளமுள்ள பறவை கூண்டின் மறுகோடியில், மரக்கிளையில் அமர்ந்திருந்தால் 400 மில்லிமீட்டர் வில்லையும் யானைப் பசிக்குச் சோளப்பொரி போலாகிவிடும்.

ஆகவே காட்சிச்சாலைக்குச் செல்வதற்கு முன்னரே, எந்த விலங்கைப் படம் எடுக்க விரும்புகிறோம், அது எவ்வளவு பெரிது, நாம் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்னும் மூன்றையும் எண்ணிப் பார்ப்பது நலம். ஒருமுறை கருவியின்றிச் சென்று, வேலியின் ஓரமாக நடந்து, தூரத்தை அடிக்கணக்கில் மதிப்பிட்டு வருபவன், விலை மிகுந்த வில்லையை வாங்கிய பின் வருந்துபவனினும் அறிவுடையவன்.

குவியத் தூரம் மிகுந்தால் குழாயும் அவ்வளவு நீளவேண்டும் அன்றோ எனின், அந்த இடரைத் தீர்த்தது 'டெலிஃபோட்டோ' என்னும் அமைப்பு. முன்னே குவி வில்லைத் தொகுதியையும் பின்னே குழி வில்லைத் தொகுதியையும் வைத்தால், குழாயின் நீளம் குவியத் தூரத்தினும் குறைவாக இருந்தாலும் பிம்பம் பெரிதாகவே விழும். 1891-இல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் மீத்தேயும் இவ்வமைப்பை ஒருவரையொருவர் சாராமல் ஆக்கினர்.

கருவியின் உணர்தகடு சிறிதாயின் அதற்கேற்பக் கணக்கும் மாறும். இன்று மாணவர் பலரும் தொடக்கத்தில் வாங்கும் கருவிகளின் உணர்தகடு, முழு அளவினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அகலமே உடையது. அதில் 200 மில்லிமீட்டர் வில்லை, முழு அளவுக் கருவியில் 300 மில்லிமீட்டர் வில்லை காட்டும் காட்சியையே காட்டும். பிம்பம் பெரிதாகிவிடவில்லை, அதைச் சுற்றியுள்ள பகுதி வெட்டப்பட்டது, அவ்வளவே. ஆயினும் தூரத்து விலங்கைப் படம் எடுப்பார்க்கு இது பயனுடையதே. கைப்பேசியின் நிலை வேறு. அதன் வில்லை மிகச் சிறிது. அகலக் காட்சிக்கென்றே அமைந்தது. சில கைப்பேசிகளில் தூரக் காட்சிக்குரிய தனி வில்லையும் உண்டு. அதன் எல்லை வரை பெருக்கினால் படம் தெளிவாக இருக்கும். அதற்கு மேல் விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்குவது, எடுத்த படத்தின் ஒரு துண்டை வெட்டி உருப்பெருக்குவதே அன்றி, உண்மையில் விலங்கை அண்மையிற் கொணர்வது ஆகாது. புலியின் வரிகள் அங்கே சாயம் பூசியது போலக் கரைந்து தோன்றுவது இதனாலேயே.

தூரத்திற்கு அடுத்து எண்ண வேண்டியது ஒளி. புலியும் சிறுத்தையும் நண்பகல் வெயிலில் வெளியே நிற்பதில்லை. காலையிலும் மாலையிலும்தான் அவை எழுந்து உலவும். நண்பகலில் மரநிழலிலோ, செயற்கைக் குகையின் வாயிலிலோ கிடக்கும். ஆதலின் விலங்கு இயங்கும் நேரத்தில் ஒளி குறைவு; ஒளி மிகுந்த நேரத்தில் விலங்கு இருக்கும் இடத்தில் ஒளி குறைவு. குறைந்த ஒளியிலும் படம் பிடிக்க வேண்டுமாயின் வில்லையின் வாய் அகன்றிருத்தல் வேண்டும். இவ்வகலத்தைக் குறிப்பதற்கே எஃப் என்னும் எழுத்துடன் 2.8, 4, 5.6, 8 என எண்கள் வழங்குகின்றன. குவியத் தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். எண் சிறிதாயின் வாய் பெரிது. தொடக்கத்தில் இது பலரை மயங்கச் செய்யும். வகுக்கும் எண் பெரிதாயின் ஈவு சிறிதாகும் என்னும் கணக்கை நினைவிற் கொண்டால் மயக்கம் தீரும். வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்பொழுதும் உட்புகும் ஒளி பாதியாகக் குறையும். எஃப் 2.8 உடைய வில்லை, எஃப் 5.6 உடைய வில்லையினும் நான்கு மடங்கு ஒளியை ஏற்கும்.

அங்ஙனமாயின் எல்லாரும் எஃப் 2.8 வில்லையையே வாங்கலாமே என்று தோன்றும். 300 மில்லிமீட்டர் வில்லை ஒன்று எஃப் 2.8 ஆக இருக்க வேண்டுமாயின் அதன் வாயின் விட்டம் 107 மில்லிமீட்டர், அஃதாவது ஒரு சிறு தட்டின் அளவு இருத்தல் வேண்டும். எஃப் 5.6 ஆயின் 54 மில்லிமீட்டர் போதும். அவ்வளவு பெரிய கண்ணாடியைக் குறையின்றிக் கடைந்து மெருகிடுதல் எளிதன்று. எனவே விலை பன்மடங்கு ஏறும். எடையோ ஒன்றரைக் கிலோ முதல் மூன்று கிலோ வரை இருக்கும். காலையிலிருந்து மாலை வரை கழுத்தில் அதைச் சுமந்து பல கல் தொலைவு நடப்பவன், மாலையில் எடுக்கும் படங்களில் கைந்நடுக்கத்தையே பதிவு செய்வான்.

நடுக்கம் என்பதும் இங்கு ஆராயத்தக்கது. நீண்ட வில்லை விலங்கைப் பெரிதாக்குவது போலவே கையின் அசைவையும் பெரிதாக்கும். பழைய நிழற்படக் கலைஞர் இதற்கு ஒரு கைக்கணக்கு வைத்திருந்தனர்: குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, ஒரு வினாடியை அத்தனையால் வகுத்து, அந்த நேரத்திற்கு மிகாமல் ஒளியை உள்ளே விடுதல் வேண்டும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு ஐம்பதில் ஒரு வினாடி. 300 மில்லிமீட்டர் வில்லைக்கு முந்நூறில் ஒரு வினாடி. இக்காலத்து வில்லைகள் பலவற்றுள் நடுக்கத்தைத் தணிக்கும் நுட்பப் பொறி ஒன்று அமைந்துள்ளது. உள்ளேயுள்ள கண்ணாடிகளுள் சில கையின் அசைவுக்கு எதிராக அசைந்து பிம்பத்தை நிலைநிறுத்தும். இது பெரிதும் உதவுவதே. ஆயினும் கையின் நடுக்கத்தை அது தணிக்குமேயன்றி, குரங்கின் பாய்ச்சலைத் தணிக்காது. தாவும் விலங்குக்கு ஒளி மிகுந்த வில்லையும் குறுகிய நேரமும் வேண்டும். கூட்டம் மிகுந்த பாதையில் முக்காலியை விரித்து வைப்பது பிறர்க்கு இடையூறு; ஒற்றைக்காலாக ஊன்றும் தாங்குகோல் போதுமானது. சென்னையில் வாழ்ந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே ஒன்றிணைத்து அமைத்துக்கொண்ட கனத்த கருவி ஒன்றைக் காடெங்கும் சுமந்து சென்று, கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். எடைக்கு அஞ்சாத தோள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

அகழி இல்லாத இடங்களில் கம்பி வலை இன்றும் உண்டு. வலைக்குப் பின்னே இருக்கும் விலங்கின் படத்தில் வலையே தெரியாமற் செய்ய இயலுமா? இயலும், வில்லையின் பயன் மிக வியப்பாக வெளிப்படும் இடமும் இதுவே. 300 மில்லிமீட்டர் வில்லை எஃப் 4 இல் திறந்திருக்கும்பொழுது அதன் வாயின் விட்டம் 75 மில்லிமீட்டர். வலையின் கம்பி 3 மில்லிமீட்டர் தடிப்பு எனக் கொள்க. வில்லைக்கு அருகே உள்ள அக்கம்பி, 75 மில்லிமீட்டர் வாயில் ஒரு கீற்றை மட்டுமே மறைக்கும். விலங்கிலிருந்து வரும் ஒளி கம்பியின் இருபுறமும் தாராளமாக உட்புகுந்து தெளிவான பிம்பத்தை அமைக்கும்; கம்பியோ குவியத்திற்கு வெகுவாக விலகி இருப்பதால், மெல்லிய புகை போலப் படம் முழுதும் கலைந்து பரவிக் கண்ணுக்குத் தெரியாமற் போகும். வாயை எஃப் 16 வரை சுருக்கினால் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதே கம்பி அதில் முன்னினும் மிகுந்த பங்கை மறைக்கும். படத்தில் சாம்பல் நிறப் பட்டைகள் தோன்றும். எனவே வலை உள்ள இடத்தில் நீண்ட வில்லையும் அகன்ற வாயும் வேண்டும். அவற்றோடு வேறு இரண்டும் வேண்டும். விலங்கு வலையை விட்டு நன்கு விலகிப் பின்னே இருத்தல் ஒன்று. வலையின் மேல் வெயில் படாதிருத்தல் மற்றொன்று. வெயிலில் மின்னும் கம்பி எத்துணை கலைந்தாலும் வெண்மூடுபனியாகப் படத்தைக் கெடுக்கும். நிழல் விழுந்த பகுதியைத் தேடி நிற்பவனுக்கு இவ்விடர் இல்லை.

அகன்ற வாய்க்கு ஒரு குறையும் உண்டு. 300 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 4 இல் திறந்து 20 மீட்டர் தொலைவில் உள்ள விலங்கைக் குறிவைத்தால், முன்னும் பின்னுமாக ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமே தெளிவாக விழும். நம்மை நோக்கித் தலைவைத்துப் படுத்திருக்கும் புலிக்கு முகம் தெளிந்தால் வால் மங்கும். அதனாற் குற்றமில்லை. கண் தெளிவாக இருந்தால் படத்தைப் பார்ப்போர் வாலை மன்னித்துவிடுவர். வால் தெளிந்து கண் மங்கினால் மன்னிப்பதில்லை.

பாம்புப் பண்ணையிலும் கண்ணாடிப் பேழைகளிலும் இவ்வறிவுரைகள் பெரும்பாலும் தலைகீழாகும். அங்கே விலங்கு நெருக்கத்தில் உள்ளது. ஒளி மிகக் குறைவு. நீண்ட வில்லைகள் மிக அண்மையிலுள்ள பொருளின் மேல் குவிவதில்லை. ஒன்றரை, இரண்டு மீட்டர் விலகி நின்றால்தான் பல வில்லைகளில் தெளிவு கிட்டும். அவ்விடத்தில் விலை குறைந்த, எளிய 50 மில்லிமீட்டர் வில்லை எஃப் 1.8 உடையதாக இருந்தால் அதுவே பெருந்துணை. வில்லையின் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்தால், நம் முகமும் சட்டையும் அதில் பிரதிபலித்துப் படத்தில் விழுவது நீங்கும். கண்ணாடியைத் தட்டலாகாது. பாம்புக்குச் செவி இல்லை என்று கூறித் தட்டுவோர் உளர். பாம்பு அதிர்வை உணரும் என்பதை அவர் அறியார்.

மாறாத குவியத் தூரம் உடைய வில்லை நல்லதா, 70 முதல் 300 வரை மாற்றிக்கொள்ளத் தக்க ஜூம் வில்லை நல்லதா என்று பலர் வாதிடுவர். காட்டில் எதுவாயினும் ஆகுக. காட்சிச்சாலையைப் பொறுத்தவரை ஜூம் வில்லைக்கே முதலிடம் தரவேண்டும். ஏனெனில் இங்கு விலங்கு அருகிலும் தொலைவிலுமாக மாறி மாறி உலவும். காண்பவனோ வேலியைத் தாண்டி ஓரடியும் முன்னே செல்ல இயலாது. கால் செய்ய முடியாததை வில்லையின் வளையம் செய்கிறது. அதன் வாய் சிறிது குறுகியதாக இருப்பினும் குற்றமில்லை. ஒருவனுக்கு இரண்டு வில்லைகளுக்குமேல் வாங்கப் பொருள் இல்லையாயின், 70–300 ஜூம் ஒன்றும் 50 மில்லிமீட்டர் ஒன்றும் இருந்தால் காட்சிச்சாலையில் உள்ள விலங்குகளுட் பெரும்பாலனவற்றை நன்கு படம் எடுக்கலாம். வில்லைக்கும் கருவிக்கும் இடையே பொருத்திக் குவியத் தூரத்தை இரட்டிக்கும் இணைப்பு வில்லைகளும் கடைகளில் உண்டு. அவை நீளத்தை இரட்டித்தால் ஒளியை நான்கில் ஒன்றாகக் குறைத்துவிடும். முன்பே ஒளி குறைந்த வில்லையோடு அவற்றைப் பூட்டுவதால் பயன் சிறிதே.

ஒருமுறை பயன்படுத்திய வில்லையைக் குறைந்த விலைக்கு வாங்குவது தவறன்று. ஆனால் கடலோர நகரங்களில் ஈரம் மிகுதி. பெட்டிக்குள் பல நாள் பூட்டிக் கிடந்த வில்லையின் உட்கண்ணாடிகளில் பூஞ்சை படர்வது இயல்பு. வாங்கு முன் ஒரு கைவிளக்கைப் பின்புறத்திலிருந்து அடித்து முன்புறத்தில் நோக்கினால், சிலந்தி நூல் போன்ற இழைகள் இருப்பின் தெரிந்துவிடும். அத்தகையதை எவ்வளவு மலிவாகக் கொடுப்பினும் கொள்ளலாகாது.

இத்துணை ஆராய்ந்து எடுக்க வேண்டிய அளவிற்குக் காட்சிச்சாலை விலங்கின் படம் அவ்வளவு அரிய பொருளோ என்று கேட்பாரும் உளர். காட்டில் எடுத்த படமே படம், கூண்டில் எடுத்தது விளையாட்டு என்பது அவர் எண்ணம். அவர்க்கு விடையாக அமைவது குவாகா என்னும் விலங்கு. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த வரிக்குதிரை இனத்தைச் சேர்ந்தது அது. தலையிலும் கழுத்திலும் மட்டும் வரிகள் தெளிந்து, பின்னே செல்லச் செல்ல மறைந்து, உடலின் பின்பகுதி வெறும் பழுப்பாக இருக்கும். வேட்டையாடுவோர் அதைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றனர். அவ்வினத்தின் கடைசி உயிர் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சிச்சாலையில் மடிந்தது. காட்டில் திரிந்த குவாகாவை ஒருவரும் படம் எடுக்கவில்லை. லண்டன் காட்சிச்சாலையில் 1851 முதல் 1872 வரை வாழ்ந்த பெண் குவாகா ஒன்றை மட்டும், 1863-க்கும் 1870-க்கும் இடையில் ஃபிராங்க் ஹேஸ், ஃபிரெடெரிக் யார்க் முதலியோர் படம் பிடித்தனர். ஐந்து படங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. உயிரோடு நின்ற குவாகாவின் தோற்றத்தைக் காட்ட உலகில் அவையன்றி வேறு படம் இல்லை.

அக்காலத்தில் நீண்ட வில்லை இல்லை. தகட்டின் உணர்ச்சியும் குறைவு. சில வினாடிகளாவது விலங்கு அசையாது நின்றால்தான் உரு விழும். ஆதலின் படம் எடுப்பவர் கருவியோடு விலங்கின் அருகே செல்ல நேர்ந்தது. 1852-இல் மோண்டிசோன் கோமகனார் எடுத்த நீர்யானைப் படம் அதே லண்டன் காட்சிச்சாலையில் எடுக்கப்பட்டது. நீர்யானை குளக்கரையில் படுத்து உறங்குகின்றது. அதன் பின்னே, கம்பிகளுக்கு அப்பால் மக்கள் நின்று பார்க்கின்றனர். கருவி கம்பிக்கு உட்புறத்தில் இருந்தது என்பது அப்படத்தைக் கண்டதுமே விளங்கும். கூண்டுக்குள் இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்று பார்ப்போர் ஒரு கணம் திகைப்பர்.

இன்று அவ்வாறு உட்செல்ல வேண்டுவதில்லை, செல்லவும் கூடாது. அகழிச் சுவரின் மேல் ஏறுவதும், சிறுவரைத் தடுப்பின் மேல் அமர்த்திப் படம் எடுப்பதும், உறங்கும் விலங்கை எழுப்பக் கூவுவதும் கல் எறிவதும், வில்லை குறுகியதாக இருப்பதால் நேரும் பொறுமையின்மையின் விளைவுகளே. இருளில் பழகிய விலங்கின் கண்ணெதிரே மின்னொளி பாய்ச்சுவதும் அத்தகையதே. காட்சிச்சாலைகள் பல இதனைத் தடை செய்துள்ளன. நீண்ட வில்லை விலங்கை அருகே கொணர்கிறது என்று கூறுவது வழக்கம். மனிதனைத் தொலைவிலேயே நிறுத்தி வைக்கிறது என்று கூறினும் பொருந்தும். விலங்கு அவன் இருப்பதை அறியாது தன் இயல்பில் மேயும், குட்டியை நக்கும், மண்ணில் புரளும். அந்நிலையில் எடுத்த படத்திற்கும், வெருண்டு நிற்கும் விலங்கின் படத்திற்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் தெரியும்.

1933-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் தென்பாலுள்ள டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் நகரக் காட்சிச்சாலையில், டேவிட் ஃபிளே என்னும் இயற்கையாளர், முதுகின் பின்பகுதியில் புலியைப் போன்ற வரிகளை உடைய தைலசின் என்னும் பைவிலங்கைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தார். கருவியைக் கூண்டுக்குள்ளேயே கொண்டு சென்று, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தபொழுது, அவ்விலங்கு பின்னால் வந்து அவர் பின்புறத்தைக் கடித்துவிட்டது. அறியப்பட்ட கடைசித் தைலசின் 1936 செப்டம்பர் 7-இல் அதே காட்சிச்சாலையில் இறந்தது. ஃபிளே எடுத்த படம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடுகிறது. அவ்விலங்கு வேலியோரமாக நடக்கின்றது, காற்றை முகர்கின்றது, நாயைப் போல உடலைச் சொறிந்துகொள்கின்றது, தாடைகள் வியப்பூட்டும் அளவு அகலக் கொட்டாவி விடுகின்றது, பின்பு தரையில் படுத்துக்கொள்கின்றது.